ஒதுங்கி வளர்ந்தவர்களுக்கு ஒரு மாற்று ராக் குழுவின் முதல் அல்பம் நெருக்கமாகிவிடுவது ஏன்? உங்களுக்கு அப்படி ஒன்று உண்டா?

எனக்கு அது 1994 மே மாதம் வெளியான, வீஸர் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் அல்பம். குழுவின் பெயரே அதன் தலைப்பு என்றாலும், வெறும் நீலப் பின்னணியில் நால்வரும் அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பவர்களைப் போல நிற்கும் அட்டையால் 'நீல அல்பம்' என்றே அதை அழைக்கிறார்கள். நான் அவர்களை முதலில் கண்டது, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு கணினி வகுப்பில், விண்டோஸ் 95 இறுவட்டுக்குள் கிடந்த 'படி ஹோலி' பாடலின் காணொளியில். பிறர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பில்லாமல் வந்துவிட்டவர்களைப் போல அவர்கள் எனக்குத் தெரிந்தார்கள்.

முழு அல்பமும் கைக்குக் கிடைத்தபோது, பத்துப் பாடல்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'இன் த கராஜ்'. கிஸ் ராக் குழுவினரின் படங்கள், எக்ஸ்-மென் சித்திரக்கதைப் பாத்திரங்கள், பன்னிரண்டு முகப் பகடை இவற்றுக்கு நடுவில், வீட்டு வாகனக் கொட்டகையில், யார் காதிலும் விழாத பாட்டுகளை ஒருவன் பாடிக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊரில் கராஜ் என்றால் லொறி திருத்தும் இடம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்ததோ ஓர் அறையும், இஸ்தோப்பு என்னும் முன் திண்ணையும் மட்டுமே. ஆயினும், நகரப் பாடசாலையில் தோட்டத்து மக்களை இழிக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பிய எனக்கு, யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்காத ஓர் இடம் எதற்கு வேண்டும் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னுடைய இடம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகை.

நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்து ஒரு மாதம் நிறைந்த சில நாட்களில் வந்த அல்பம் இது என்பதையும் நினைக்க வேண்டும். அவரைப் போலக் கோபத்தோடு விலகி நிற்பது ஒரு வகை. இவர்களோ வெட்கத்தோடு விலகி நின்றார்கள். தி கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக் தயாரித்த அந்த ஒலியில் கிற்றார்கள் மதில்போல எழுகின்றன, அந்த மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவன் தன் கூச்சத்தை ஒப்புக்கொள்கிறான். அல்பத்தின் ஈர்ப்பு முழுவதும் இந்தப் பொருந்தாமையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் கடைசிப் பாடலான 'ஒன்லி இன் ட்ரீம்ஸ்' அதன் உச்சம்.

பாடகர் ரிவர்ஸ் குவோமோ, கனெக்டிகட்டில் சுவாமி சச்சிதானந்தரின் ஆசிரமச் சூழலில் சிறுவயதைக் கழித்தவர் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். அமெரிக்கா செல்லும் முன் நம் கண்டியில் ஆசிரமம் நடத்தியவர். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அந்தப் பையன் நம்ம சாமி வளத்த புள்ளையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த அல்பத்தை வீட்டில் சத்தமாகப் போட அனுமதி உண்டு; கடைசிப் பாடல் முடியும்வரை கேட்கத்தான் அவருக்குப் பொறுமை இருப்பதில்லை.