சட்டைக்கையை விடாதீர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் 3 ஆண்டுகளாக ஜூடோ பயின்று வருகிறேன். 60 கிலோ பிரிவு, உயரம் குறைவு. ரந்தோரியில் (எதிரெதிர் நின்று தாராளமாக மோதிப் பழகும் பயிற்சியில்) என்னைவிட உயரமானவர்கள் என் வலது கையைக் காலரில் படவே விடுவதில்லை. மிஞ்சுவது எதிராளியின் வலது சட்டைக்கையைப் பற்றியிருக்கும் என் இடது கை மட்டும்தான். இந்த ஒற்றைப் பிடியிலிருந்து போடக்கூடிய எறிதல்கள் மொத்தம் எத்தனை? அவற்றை எந்த வரிசையில் கோத்துப் பழகுவது? ஒற்றைக்கைப் பிடி விதிமீறல் என்கிறான் ஒரு நண்பன். இரண்டு கையாலும் பிடிக்காவிட்டால் அது ஜூடோவே அல்ல என்கிறான் இன்னொருவன். பிடி வலுவுக்கு ஏதாவது கருவி வாங்கலாமா? என்னோடு பழகும் 16 வயதுப் பையனுக்கு, போன வாரம் நான் இப்பொன் செயோய் நகே (எதிராளியின் ஒரு கையை இறுக்கித் தோளுக்கு மேலாகப் போடும் எறிதல்) போட்டபோது தோளில் அடிபட்டுவிட்டது. அவன் வராததால் இப்போது வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன்.

அன்புடன்
ஆர்.

அன்புள்ள ஆர்.,

சட்டைக்கையைப் பற்றி இழுக்கும் கையைக் குறித்து எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் என்னை உடனே உட்கார்ந்து எழுத வைத்துவிட்டன.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு கையால் பிடிப்பது தன்னளவில் குற்றமல்ல. பிடித்துக்கொண்டு தாக்காமல் காலம் கடத்துவதும், சட்டைக்கையின் வாய்க்குள் விரலை நுழைப்பதும்தான் தண்டனைக்குரியவை. கருவி எதுவும் வாங்க வேண்டாம். பழைய ஜூடோ உடை ஒன்றைக் கம்பியில் போட்டு, அதன் சட்டைக்கைகளைப் பிடித்துத் தொங்குங்கள், போதும். ‘ஜூடோவே அல்ல’ என்ற நண்பரிடம் நகே நோ காதாவை, அதாவது எறிதல்களின் வரையறுத்த செய்முறைத் தொகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய கோடோகான் பள்ளியின் அடிப்படைப் பாடமான அதில், 15 எறிதல்களில் இரண்டாவதே தோள் எறிதல்தான். எதிராளி வலது முஷ்டியை ஓங்கி உச்சந்தலையை நோக்கிக் குத்த வருகிறார். எறிபவர் அந்தக் கையை இடது கையால் தாங்கிப் பற்றி, தன் வலது கையை அவருடைய அக்குளுக்கு அடியில் செலுத்தித் தோளுக்கு மேலாகப் போடுகிறார். காலரைப் பிடிக்கும் பேச்சே அங்கு இல்லை.

எறிதல்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்கள் இடது கை எதிராளியின் வலது முழங்கைக்கு அருகே துணியைப் பற்றியிருக்கிறது. கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் மணிக்கட்டைத் திருப்பி, அந்தக் கையை உங்கள் நெற்றி உயரத்துக்கு மேலும் முன்னுமாக இழுத்தால் அவருடைய குதிகால்கள் பாயை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் சுழன்று உள்ளே புகுந்து, உங்கள் இடுப்பு அவருடைய பெல்ட்டுக்குக் கீழே அமையும்படி முழங்கால்களை மடக்கி, வலது முழங்கையின் மடிப்பில் அவருடைய மேற்கையை இறுக்கிக்கொண்டால் அது இப்பொன் செயோய் நகே. அடுத்து வருவது எது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். எடையைக் குதிகாலில் இறக்கிப் பின்னால் சாய்ந்தார் என்றால், இறுக்கிய வலது கையைத் தளர்த்தாமலே பாதி திரும்பி, உங்கள் வலது காலால் அவருடைய வலது காலை உட்புறமிருந்து கொக்கியிட்டு, உடல் எடை முழுவதையும் அவர்மேல் சாய்த்து விழுவது கோ உச்சி மகிகோமி. (முன்பெல்லாம் இதில் கையாலும் காலைத் தழுவிப் பிடிப்பார்கள். சர்வதேசப் போட்டிகளில் காலைக் கையால் பிடிப்பதற்கு 2010இல் கட்டுப்பாடும் 2013இல் முழுத் தடையும் வந்துவிட்டன. பழைய படங்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.) அவர் இடது காலை முன்வைத்து உங்கள் இடுப்பைத் தள்ளித் தடுத்தால் அந்த இடது காலை உட்புறமிருந்து வாரிவிடும் ஓ உச்சி காரி. உங்கள் வலப்புறமாகச் சுற்றி வெளியேறப் பார்த்தால், அவர் எட்டு வைக்கும் வழியில் வலது காலை நீட்டிப் போடும் செயோய் ஒதோஷி. அசையாமல் நிமிர்ந்து நின்றால், அதே பிடியோடு மறுபடி அவரை நோக்கித் திரும்பி, அவருடைய வலது காலை வெளிப்புறமிருந்து வாரிவிடும் ஓசோதோ காரி.

இவற்றை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று குறிப்பேட்டில் வரிசை போட்டு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கிழித்துப் போடுங்கள். முதல் எறிதலை நீங்கள் உண்மையாகவே போட முயன்றால்தான் எதிராளி உண்மையாகவே பின்வாங்குவார். இரண்டாவதைப் போடுவதற்காக முதலாவதைப் பாவனையாகக் காட்டினால், உங்கள் இடது கையின் இழுப்பு மெலிந்திருப்பதை அவருடைய முழங்கை உடனே உணர்ந்துவிடும். அவர் நின்ற இடத்திலேயே நிற்பார், நீங்கள் மட்டும் ஒற்றைக் காலில் தள்ளாடுவீர்கள்.

உயரக்குறைவைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதே இல்லை. ஜப்பானிய ஜூடோ வீரர் தோஷிஹிகோ கோகா எடைப் பிரிவே இல்லாத அனைத்து ஜப்பான் போட்டியில் 1990இல் இறுதிச் சுற்று வரை சென்று, தன்னைவிட மிகப் பெரிய உருவம் கொண்ட நவோயா ஒகாவாவிடம்தான் தோற்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு, சக வீரர் ஹிதேஹிகோ யோஷிதாவோடு பயிற்சி செய்தபோது முழங்காலில் பலத்த காயம்பட்டும், அவர் 71 கிலோ பிரிவில் தங்கம் வென்றதை எல்லோரும் வீரக்கதையாகச் சொல்வார்கள். எனக்கு அவருடைய தோள் எறிதலே பெரிதாகத் தோன்றுகிறது. முழங்காலைப் பாயில் ஊன்றாமல், கால்களை அகல வைத்து நின்றபடியே எதிராளியைத் தலைக்கு மேலாகக் கொண்டுவருவார். அவருடைய ஆட்டங்களைப் பார்த்தே தீருவேன் என்றால், கால்களைப் பார்த்தது போதும், இழுக்கும் கையை மட்டும் பாருங்கள்.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் தோளில் அடிபட்டதை, பழக ஆள் கிடைக்காத ஒரு சிரமமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வலப்பக்க எறிதலில் விழுபவர் முதுகும் இடது பக்கமும் பாயில் படும்படி விழுந்து, இடது கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறார். அப்படி விழுவதற்கு அவருடைய வலது சட்டைக்கை கடைசி வரை மேல்நோக்கி இழுபட்டிருக்க வேண்டும். இரண்டு கைப் பிடியில் ஒன்று நழுவினாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். உங்கள் பிடியில் அவரைத் தாங்குவதற்கு இருப்பது அந்த ஒரே கைதான். அதை நடுவழியில் விட்டால், அவர் தோள் முனையில் இறங்குவார், அல்லது பதறி இடது கையை ஊன்றி முழங்கையை முறித்துக்கொள்வார். இதில் உங்களுக்கும் இழப்பு உண்டு. வேகம், விசை, முதுகு படுதல் ஆகியவற்றோடு, விழுந்து முடியும் வரை எதிராளியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் இப்பொனுக்கு, அதாவது ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் முழுப் புள்ளிக்கு, வேண்டும். கையை விட்டவர் அதையும் விட்டுவிடுகிறார்.

இளமையில் எனக்கு இடது காறை எலும்பு முறிந்தது இப்படித்தான். எறிந்தவர் என்னைவிட மூத்தவர், தேர்ந்த ஆட்டக்காரர். அந்தரத்தில் தலைகீழாக இருக்கும்போதே என் வலது சட்டைக்கையின் விறைப்பு தளர்ந்து, துணி அவருடைய விரல்களிலிருந்து உருவிப் போவதை உணர்ந்தேன். கட்டோடு பல வாரம் வீட்டில் இருந்துவிட்டு, வேறோர் இடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த மாஸ்டர் எங்கள் வலது கையை முதுகுப்புறம் பெல்ட்டுக்குள் செருகச் சொல்லி, இடது கையால் மட்டும் சட்டைக்கையைப் பிடித்துப் பாய் முழுவதும் நடக்கவைப்பார். இழுப்பினால் மட்டுமே எதிராளியை நுனிக்காலுக்குக் கொண்டுவர வேண்டும், எறியக் கூடாது. எறியத் தொடங்கிய பிறகும், விழுந்தவர் எழும்முன் எறிந்தவரின் இடது முஷ்டியைத் தொட்டுப் பார்ப்பார். விரல்களுக்குள் துணி இல்லையென்றால், எவ்வளவு அழகான எறிதலாக இருந்தாலும் ஒரு சொல்கூடப் பேசாமல் அடுத்த ஜோடியிடம் போய்விடுவார். ஆளை வீழ்த்துகிற கையும் காப்பாற்றுகிற கையும் ஒன்றுதான் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். உங்கள் வலது கை காலரை எட்டாதது ஒரு குறையே இல்லை. அந்த இடது கையை இன்னும் நீங்கள் அறியவில்லை என்பதே என் வருத்தம்.

இன்று மாலையே அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். அடிபட்டது இடது தோள் என்றால், நீங்கள் சட்டைக்கையை எந்த இடத்தில் விட்டீர்கள் என்று அவனிடமே கேளுங்கள். விழுந்தவனுக்கு அது துல்லியமாக நினைவிருக்கும். அவன் குணமாகித் திரும்பி வந்ததும் முதல் மாதம் அவன் எறியட்டும், நீங்கள் விழுங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டினார்களா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். எறிதல்களின் பட்டியலை அனுப்ப வேண்டாம்.