வில்லங்கம் சுத்தம் என்றால் வீடு சுத்தமா?

முஸ்லிம்கள் நிறைந்த கடற்கரை ஊரான கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைப் பேசி வைத்திருக்கிறார் வாசகர் ஒருவர். உரிமையாளர் துபாயில் இருக்கிறார், பவர், அதாவது அவருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம், அவர் தம்பியிடம் இருக்கிறது, 30 வருஷத்துக்கு வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று, போட்டுப் பார்த்தும் ஒன்றுமில்லை. புரோக்கர் இன்றைக்கே 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். முதலில் பவரின் அசலைப் பாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி ஆகி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போச்சு. அதனால் துபாய்க்காரரிடம் வீடியோ காலில் நீங்களே பேசி, என்ன விலைக்கு விற்கச் சொன்னார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். "அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று புரோக்கர் குறுக்கே வந்தால், உங்களிடம் ஒரு விலை, அவரிடம் ஒரு விலை சொல்லியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இந்தக் கரையில் பாதி வீட்டுக்காரர்கள் கடல் தாண்டி இருப்பதால் இந்த மாதிரி புரோக்கர்கள் பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்த வீட்டின் பெண்கள். கீழக்கரைப் பக்கம் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம். முஸ்லிம் சட்டப்படி ஹிபா, அதாவது தானம், வாய்மொழியாகவே செல்லும்: கொடுத்தேன் என்று வாப்பா (அப்பா) சொல்லி, மகள் ஏற்று, வீடும் அவள் கைக்கு வந்துவிட்டால் போதும், பத்திரம் பதிய வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றமே 2011-இல் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பதியாத ஒன்று வில்லங்கத்தில் எப்படி வரும்? ஆக உங்கள் சான்று பளிச்சென்று இருக்கும், வீடு மட்டும் துபாய்க்காரரின் அக்காவுடையதாக இருக்கும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் கனெக்ஷனும் யார் பெயரில், சாவி யார் இடுப்பில், இதுவரை குடியிருந்தது யார் என்று தெருவில் விசாரியுங்கள். ஹிபாவே இல்லை என்றாலும், வாப்பா வழியில் வந்த சொத்தில் சகோதரிகளுக்குப் பங்கு உண்டு. அவர்கள் அத்தனை பேரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கட்டும்.

"ரிஜிஸ்டர் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள்" என்பார் புரோக்கர். யார் பார்க்கிறார்கள்? விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது தங்கள் வேலை இல்லை என்றே அங்கே சொல்வார்கள். ஆனால் அரசு குறித்து வைத்த சந்தை வழிகாட்டி மதிப்பில் 100 ரூபாய்க்கு 9 ரூபாய், 7 முத்திரைத் தீர்வையாகவும் 2 பதிவுக் கட்டணமாகவும், தவறாமல் வாங்கிக்கொள்வார்கள். சர்வர் படுத்துவிட்டால் அதையும் கட்டிவிட்டு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி முடித்துவிடாதீர்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். அப்புறம், 50 லட்சத்துக்குக் கீழே டிடிஎஸ், அதாவது விலையிலேயே பிடித்துக் கட்டும் வருமான வரி, இல்லை என்று யாராவது சொன்னால், அது உள்ளூர்க்காரர் விற்கும்போது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் தொகை எவ்வளவானாலும் வரியைப் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு, விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் தேடி வரும். ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். மீதிப் பணம் துபாயில் இருக்கும் அண்ணனுடைய என்ஆர்ஓ கணக்குக்கே, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கே, போகட்டும், தம்பி கையில் ரொக்கமாக வேண்டாம்.