8.33 சதவீதம்... எந்தச் சம்பளத்துக்கு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய். 2023-24க்கு, “லாபம் குறைவு, 8.33 சதவீதம்தான்” என்று 6,997 ரூபாய் போனஸ் கொடுத்தார்கள். பக்கத்துக் கம்பெனியில் 20 சதவீதம். இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: சதவீதத்தைப் பிறகு பார்ப்போம். அதை எந்தத் தொகைக்குப் போட்டார்கள் என்பதே முதல் கேள்வி. மாதம் 7,000 வீதம் வருடத்துக்கு 84,000, அதில் 8.33 சதவீதம்தான் உங்களுக்கு வந்த 6,997.

2023-24க்குப் பொருந்தியது 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் (2025 நவம்பரில் அதன் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). அதன்படி, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கியவர்களுக்கு போனஸ் உண்டு. ஆனால் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது: 7,000 ரூபாய், அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அது. 2015 திருத்தத்தில் வந்த இந்தப் பின்பாதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. தொழிலாளிக்கு இது நேரடி நஷ்டம். பனியன் தொழிலுக்குத் தமிழகத்தில் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. உங்கள் வேலைக்கு அது 11,000 என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 1,32,000, போனஸ் 10,995. கிட்டத்தட்ட 4,000 ரூபாய் கூடுதல்!

அடுத்து லாபம். 8.33 என்பது நஷ்டம் வந்தாலும் தர வேண்டிய குறைந்தபட்சம் (புது நிறுவனங்களுக்கு முதல் ஐந்து வருடம் தனி விதி). அதற்கு மேல் தருவதற்குத்தான் லாபக் கணக்கு. மொத்த லாபத்தில் தேய்மானம், நேரடி வரி, பங்கு மூலதனத்துக்கு 8.5 சதவீதம், ரிசர்வுக்கு (சேர்த்து வைத்த லாபத்துக்கு) 6 சதவீதம் ஆகியவற்றைக் கழிப்பார்கள். மிச்சம்தான் உபரி, அதில் 60 சதவீதம் போனஸுக்கு. அந்த 60 சதவீதம் 30 லட்சம், எல்லோருடைய கணக்கிடும் சம்பளமும் சேர்ந்து 2 கோடி என்றால், போனஸ் 15 சதவீதம். உச்சம் 20, அதற்கு மேல் மிஞ்சுவதை ஒரு வரம்புக்குள் அடுத்த நான்கு வருடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் இந்த வருடம் லாபம் குறைந்தது என்றாலும், முந்தைய நல்ல வருடங்களின் மிச்சம் என்ன ஆனது என்று கேளுங்கள். உபரிக் கணக்கு ‘ஏ’ படிவத்திலும், இந்த மிச்சக் கணக்கு ‘பி’ படிவத்திலும் இருக்கும்.

முதலில் உங்கள் வேலைக்கான குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பை எடுத்து, சம்பளச் சீட்டுடன் நிர்வாகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். சரிவரவில்லை என்றால் லேபர் ஆபீஸுக்குப் போங்கள். 2023-24 போனஸ் கொடுப்பதற்குக் கடைசித் தேதி 30 நவம்பர் 2024 ஆக இருந்தது. பாக்கியை வசூலிக்கும் மனுவை அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதே 1965 சட்டத்தின் விதியாக இருந்தது.