குழாய்க்கு வெட்டிய கிடங்கில் பழைய பானை ஓடு வந்தால் வேலையைத் தொடரலாமா?

தொடர வேண்டாம். மட்டக்களப்பு மாவட்டக் கரடியனாற்றுப் பக்கம் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய கிடங்கில் மூன்றடி ஆழத்தில் கறுப்பும் சிவப்புமாக ஓடு வந்தது என்கிறீர்கள். அந்த இடத்தில் மட்டும் பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) நிறுத்திவிட்டு, பிரதேச செயலகம் வழியாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு உடனே சொல்லுங்கள்.

பெரும்பாலும் அது பழைய குடியிருப்பின் எச்சம். பக்கத்துக் குசலான்மலையிலேயே பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆதியிலிருந்தே ஆட்கள் புழங்கிய மண் அது.

பெக்கோ வெளியே கொட்டிய மண்ணில் ஒரு துண்டை எடுத்து அலசிப் பாருங்கள். உட்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் கவிழ்த்துச் சுட்ட பழைய பாண்டமாக இருக்கலாம். நம் வீட்டுச் சோற்றுப் பானையில் கரி வெளியேதான் பிடிக்கும். அப்புறம் கிடங்கின் சுவர்: ஓடுகள் சாம்பல் மண்ணோடு ஒரே வரிசையில் தெரிந்தால் அது குலையாத பழைய மண் அடுக்கு. அதைச் சுரண்டாமல், பக்கத்தில் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள்.

நிறத்தை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது, அதை அதிகாரிகள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தானே வேலைக்கு முன் தொல்லியல் ஆய்வு என்று ஒப்பந்தக்காரர் சொல்லக்கூடும். ஒரு மீற்றர் அகலக் கிடங்கு 2.5 கிலோமீற்றர் ஓடினாலே அந்தப் பரப்பு வந்துவிடும். சின்ன வேலை என்றாலும், கண்டெடுத்ததை அறிவிக்கும் கடமை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது.