பையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 1995இல் திருமணம் நடந்தது. அதன் பிறகு 22 ஆண்டுகள் சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவேன். அந்த நாட்களில் திருமண நாளன்று நான் ஊரில் இருந்தது மூன்றே முறைதான். சென்ற ஆண்டு முப்பதாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் கொச்சியில் உள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். பூசைக்குக் காணிக்கை வைத்துவிட்டு முந்தின நாளே ரயிலேறினோம். சேலையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று மகள் கொடுத்துவிட்ட டீ ஷர்ட்டும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு என் மனைவி அலைக்குளத்தில் இறங்கினாள். ராட்சத ராட்டினம் உச்சிக்குப் போனபோது கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். முப்பது ஆண்டுகளில் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. இதை ஊரில் சொல்லிச் சிரித்தபோது என் அக்கா, "பேரன் எடுக்கிற வயசுல ராட்டுல ஏறவா போனிய? நாலு பேருக்குச் சோறு போட்டிருந்தா புண்ணியம்" என்றார். அன்றிலிருந்து மனைவி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நாங்கள் செய்தது வயதுக்குப் பொருந்தாத காரியமா?

எம்., கருங்கல்

அன்புள்ள எம். அவர்களுக்கு,

பொருந்தாத காரியம் இல்லை. உங்கள் அக்காவின் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் உங்கள் மனைவி அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார் என்ற வரியைப் படித்தபின் அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு எங்கள் அப்பா எங்களை அழைத்துப் போவார். ராட்டினத்தில் பிள்ளைகள் நாங்கள் ஏறுவோம். கடைசியில் எங்கள் பிடிவாதத்துக்காக அப்பாவும் ஒரு சுற்று ஏறுவார். அம்மா ஏறியதில்லை. ஒரு தோளில் பை, ஒரு கையில் அப்பாவின் குடை, காலடியில் நாங்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் என்று அவர் கீழே நிற்பார். ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் இறங்கி வரும்போது முகத்தை உயர்த்திச் சிரிப்பார், மறுபடியும் பையைப் பார்த்துக்கொள்வார். பெரியவளானதும் ஊஞ்சலிலிருந்து இறக்கிவிடப்பட்ட தலைமுறை அது. அவருக்கும் ஏற ஆசை இருந்ததா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க இப்போது அவர் இல்லை.

இதே காட்சியை அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி வேறு விதமாகப் பார்த்தார். லாஸ் ஏஞ்சலீசின் கிரிஃபித் பூங்காவில் மகள்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படி அவர் கட்டிய டிஸ்னிலேண்ட் பூங்கா 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பே, ஜூலை 13 அன்று, அங்கே ஒரு விருந்து நடந்துவிட்டது. அது டிஸ்னிக்கும் அவர் மனைவி லில்லியனுக்கும் முப்பதாவது திருமண நாள். மார்க் ட்வைன் என்ற நீராவிப் படகு அன்று மாலை விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு முதல் பயணம் போனது. உங்களுக்கும் அதே முப்பதுதான்.

அந்த நாளைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பூங்காவின் கட்டுமானப் பொறுப்பில் இருந்த ஜோ ஃபவுலர் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி விருந்துக்கு முன் படகைப் பார்க்கப் போனபோது, தளம் குப்பையாகக் கிடக்கிறதே என்று ஒரு பெண்மணி அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துத் தானும் கூட்டத் தொடங்கினாராம். அவர் லில்லியன். தன் திருமண நாளிலும் அந்த அம்மாவின் கண் குப்பையில்தான் போயிருக்கிறது. பை பிடித்துக்கொண்டு நின்ற என் அம்மாவை எனக்கு அங்கேயும் அடையாளம் தெரிகிறது.

இப்போது உங்கள் மனைவியை நினைத்துப் பார்க்கிறேன். கருங்கல்லிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? முட்டத்திலும் குளச்சலிலும் எத்தனை முறை கரையில் நின்றிருப்பார், கணுக்காலுக்கு மேல் நனைந்திருப்பாரா? நம் கடல் இறங்கி விளையாடுகிற கடல் இல்லை; நம் பெண்களுக்கு அதில் இடமும் இல்லை. அளவறிந்து வந்து அளவறிந்து திரும்புகிற அலையில், சேலை முந்தானையைச் சரிசெய்ய வேண்டிய தேவையில்லாமல் அவர் நின்றது ஒரு சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் உங்கள் பெயரைச் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நம் மாவட்டத்தில் கல்ஃப்காரர்களின் மனைவிமார் வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வீட்டுத் தொலைபேசிக்குப் போய்க் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சுற்றி அந்த வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, "ஆமா", "சரி", "பிள்ளைய நல்லா இருக்கு" என்பதைத் தவிர அவர்களால் என்ன பேசியிருக்க முடியும்? உங்கள் மனைவியும் அப்படி நின்றவராக இருக்கக்கூடும். அந்த உயரத்தில் கேட்க யாரும் இல்லை, வெட்கப்பட நேரமும் இல்லை. பயத்தில் வாயில் முதலில் வந்தது உங்கள் பெயர். மாதாவே என்றுகூட அவர் கூப்பிடவில்லை.

அக்கா சொன்ன சோற்றுக் கணக்கு தவறில்லை; விருந்து வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்த விருந்தில் உங்கள் மனைவி எங்கே நின்றிருப்பார் என்பது நம் இருவருக்கும் தெரியும். அடுப்படிக்கும் பந்திக்கும் நடுவில் நின்றிருப்பார், பாயசம் கடைசிப் பந்திக்குக் காணுமா என்று பார்த்தபடி.

நீங்களே அந்தப் பேச்சை மறுபடி எடுங்கள். அக்கா இருக்கும்போதே எடுங்கள், உங்கள் மனைவி உங்கள் பெயர் சொல்லிக் கத்தியதையும் விடாமல் சொல்லுங்கள். நவம்பர் 24 அன்று கோட்டாற்றில் கொடியேறும், டிசம்பர் 3 வரை திருவிழா. உங்கள் அக்காவும் என் அம்மாவைப் போலக் கீழே நின்றே பழகியவர் என்றுதான் நினைக்கிறேன். இரத்த அழுத்தமோ முதுகுவலியோ இல்லையென்றால் அவரையும் கூட்டிப் போங்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் போனதும் இரண்டு பேருடைய பையையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.