எத்தனை வருடம் போனாலும் சலிக்காத பாடல்கள்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: எத்தனை வருடம் ஆனாலும் உங்களுக்குச் சலிக்காத பாடல்கள் எவை, ஏன்?

முதல் பாட்டு எது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 'கருத்தம்மா' படத்தில் ஸ்வர்ணலதா பாடிய 'போறாளே பொன்னுத்தாயி'. அதற்குப் பின்னால் வருகிற பாட்டுகள் அவ்வப்போது முன்னே பின்னே நகரும். இது நகராது.

மொத்தமாகப் பார்த்தால் என் பட்டியலில் முக்கால்வாசி பிரிவுப் பாட்டுகள். யாரோ யாரையோ விட்டுப் போவார்கள், அல்லது போனவரை நினைத்து யாரோ உட்கார்ந்திருப்பார்கள். நான் வளர்ந்த ஊர் அப்படி. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். பாதிக்கு மேல் மானாவாரி பூமி. மழை பெய்தால் கேழ்வரகு, நிலக்கடலை. மாந்தோப்பு இருப்பவர் கையில் சீசனுக்குக் கொஞ்சம் காசு புழங்கும். மற்றவர்கள் பஸ் ஏற வேண்டியதுதான். பெங்களூருவில் சென்ட்ரிங், கொத்து வேலை, ஓட்டல் வேலை. இந்தப் பக்கம் திருப்பூர். திங்கட்கிழமை விடியற்காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். துணிப்பையும் சோத்துப் பாத்திரமுமாக ஒரு ஊரே கிளம்பிக்கொண்டிருக்கும். அங்கே கேட்டு வளர்ந்த காதில் எந்தப் பாட்டு தங்கும்?

படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்கள் அப்படி ஒரு கடையைப் பார்த்திருக்க மாட்டார்கள். சின்ன அறை. ஒரு சுவர் முழுக்க கேசட், அலமாரியில் இசைத்தட்டுகள், மேஜைமேல் இரண்டு டெக். வருகிறவர் வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. அதற்குமேல் இடம் இல்லை. அதனால் தனக்கு உண்மையிலேயே பிடித்தது எது என்று ஒவ்வொருவரும் உட்கார்ந்து யோசித்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதித்தான் முடிவுக்கு வர வேண்டும். அடிபட்ட பாட்டுகளும் அந்தத் தாளில் தெரியும். எனக்கு அந்தத் தாள்களைப் படிப்பதில் அப்படி ஒரு ஆசை. ஒரு மனிதர் எந்தப் பாட்டை அடித்துவிட்டு எந்தப் பாட்டை வைத்துக்கொண்டார் என்பதை வைத்தே அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

பதிந்து முடித்ததும் கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி உடைப்பது என் வேலை. உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பாட்டு பதிய முடியாது. சிலர், "உடைக்காத தம்பி, அப்புறம் வேற பாட்டு மாத்திக்கணும்" என்பார்கள்.

'கருத்தம்மா' 1994-இல் வந்தது. அதற்கப்புறம் ஒருநாள் பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அன்று ராத்திரியே பெங்களூரு கிளம்புகிறவர். அவர் கொடுத்த தாளில் ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க அதையே பதிய வேண்டுமாம். கடைக்கார அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, ஒரே பாட்ட அஞ்சு தடவயா? கேசட்டு வீணாப் போயிடும். நடுவுல வேற ரெண்டு கலந்து தரேன்."

"வேணாம்ணா. வேலை செய்யறப்ப ரீவைண்ட் பண்ண முடியாது. கையெல்லாம் சிமெண்டு இருக்கும்."

அண்ணன் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டபடியே பதிந்து கொடுத்தார். அந்தக் கேசட்டின் துண்டுகளை உடைக்கும்படி கொத்தனாரே சொன்னார்.

அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். தண்ணீரும் சோறும் தந்த மண்ணை விட்டு ஒரு பெண் கண்ணீரோடு போகிறாள். வைரமுத்து எழுதியது. ஏ.ஆர்.ரஹ்மான் இசை. சோகப் பாட்டு என்றால் பாடுகிறவரும் அழுதுவிடுவது வழக்கம். தொண்டை அடைப்பது, விம்முவது எல்லாம் வரும். ஸ்வர்ணலதா அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணீர் முழுவதும் வார்த்தையில் இருக்கிறது, குரல் நேராக நிற்கிறது. அழுதால் அடுத்த வார்த்தை வராது என்று தெரிந்த ஒருத்தி, தன்னைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடிக்கிறாள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ் படியில் நின்றுகொண்டு பேசுவது இந்தக் குரலில்தான். இதற்குத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே 1994-இல் வந்த 'காதலன்' படத்தில் 'முக்காலா முக்காபுலா' பாடியதும் இவர்தான் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை.

இந்தப் படம் எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி இறங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாரதிராஜா எடுத்தது பெண் சிசுக்கொலை பற்றிய கதை. அது தெற்கத்திச் சீமையில் நடக்கிற கதையாக இருந்தாலும், எங்களுக்கு அது வெளியூர்ச் சேதி இல்லை. தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992-இல் முதலில் தொடங்கியது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். 2001-இல் அதை நீட்டித்த மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. படம் முடிந்து வெளியே வந்த பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் நடந்ததை என் அம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்து மைக் செட்காரர்கள் இந்தப் பாட்டைக் கல்யாண வீட்டில் போட மாட்டார்கள். தெரியாமல் புதுப்பையன் எவனாவது போட்டுவிட்டால் பெண்வீட்டுக் கிழவிகள் சும்மா விடுவதில்லை. கல்யாணத்துக்கு என்றால் சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'யில் ஆரம்பித்து, 'பாசமலர்' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய 'வாராயென் தோழி'க்கு வந்துவிட வேண்டும். 1961-இல் வந்த பாட்டு, இன்னும் அசைக்க முடியவில்லை.

ஸ்வர்ணலதாவின் இன்னொரு பாட்டு, 'சத்ரியன்' படத்தின் 'மாலையில் யாரோ மனதோடு பேச'. 1990. வாலி எழுத, இளையராஜா சுத்த தன்யாசியில் போட்டது. ஐந்தே சுரம் உள்ள ராகம். சரியாகச் சொன்னால் இது பிரிவுப் பாட்டு இல்லை. காதல் வந்த பெண் தனியாக இருந்து தன்னோடு பேசிக்கொள்வது. ஆனால் அந்தத் தனிமைதான் என்னைப் பிடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஒரு மனுஷி எப்படி முணுமுணுப்பாளோ அந்த அளவுக்கு மேல் குரலை உயர்த்தவே மாட்டார். தருமபுரியிலிருந்து சேலம் போகிற ராத்திரி பஸ்ஸில், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி மெதுவாக இறங்கும் நேரம் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். டிரைவர் சத்தத்தை ஒரு புள்ளி குறைப்பாரே தவிர நிறுத்த மாட்டார்.

ஸ்வர்ணலதா 2010-இல் இறந்தபோது வயது 37. இருந்த காலத்தில் அவர் பேட்டிகளில் அதிகம் பேசியவர் இல்லை. எஸ்.பி.பி., ஜானகி, சித்ரா என்று பட்டியல் போடுகிறவர்கள் இவரைக் கடைசியில் ஒரு வரியில் சேர்த்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் இவருக்கு இவ்வளவு இடம்.

அடுத்தது 'முதல் மரியாதை'யின் 'பூங்காற்று திரும்புமா'. 1985. மலேசியா வாசுதேவனும் ஜானகியும். வாசுதேவன் என்றாலே குத்துப்பாட்டு, திருவிழாப் பாட்டு என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை கண்ணை மூடிக் கேட்க வேண்டும். வயதான ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் கிடைக்காமல் போனதை யாரிடமும் முறையிடாமல் கேட்கிறான். அந்தப் படத்தைக் கர்நாடகத்தில் தலக்காடு, சிவசமுத்திரம் பக்கம் எடுத்தார்கள். அங்கே திரையில் ஓடுகிற காவிரிதான் கீழே வந்து ஒகேனக்கல்லில் விழுகிறது. அதனாலோ என்னவோ, பென்னாகரத்துக்காரர்கள் அதை எங்கள் ஊர்ப் படம் என்றே பேசுவார்கள்.

எல்லை மாவட்டத்தில் இருப்பதன் லாபம் ஒன்று உண்டு, சொல்லியே ஆக வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார்கள். கடைக்கு வருகிற தாள்களிலும் அப்படித்தான்; தமிழ் எழுத்தில் கன்னடப் பாட்டு எழுதியிருக்கும். அப்படித்தான் எனக்கு 'ஜொதெயலி ஜொதெ ஜொதெயலி' கிடைத்தது. 1981-இல் சங்கர் நாக் நடித்து வந்த 'கீதா' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு. எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடியது. 1984-இல் 'நூறாவது நாள்' படத்தில் இதே மெட்டு 'விழியிலே மணிவிழியில்' என்று தமிழுக்கு வந்தது, அதே இரண்டு குரலில். ஓசூரில் ஒரே டீக்கடையில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது உசத்தி என்று பெஞ்சில் இருந்தவர்கள் வாதம் செய்ததைக் கேட்டிருக்கிறேன். என் ஓட்டு கன்னடத்துக்கு. தமிழ்ப் பாட்டு காதலோடு நின்றுவிடுகிறது. கன்னடத்தில், கூடவே இருப்பேன் என்று சொல்கிற அந்த முதல் வார்த்தையே ஒரு சத்தியம் மாதிரி விழுகிறது. படத்தில் அந்தப் பெண் நோயில் இறந்துபோகப் போகிறவள் என்று தெரிந்தபின் கேட்டால் இன்னும் தாங்காது.

கன்னட நடிகர் ராஜ்குமாரின் 'நாதமய'வும் அந்தத் தாள்கள் வழியாக வந்ததுதான். 1992-இல் வந்த 'ஜீவன சைத்ர' படம். நடிகர் ஒருவர் தன் சொந்தக் குரலில் தோடி ராகத்தைப் பாடி, பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதை வாங்கினார். அவர் பிறந்த காஜனூர் இன்றைக்கும் தமிழ்நாட்டில், தாளவாடிப் பக்கம்தான் இருக்கிறது. காவிரித் தகராறு வரும் நாட்களில் பஸ் எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியைத் தாண்டாது. அந்த வாரத்திலும் ராஜ்குமார் பாட்டு கேட்டுத் தமிழர்கள் கடைக்கு வந்தார்கள், இளையராஜா கேட்டுக் கன்னடக்காரர்கள் வந்தார்கள்.

கொண்டாட்டப் பாட்டே பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்கும். 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'. 2002-இல் பி.பி.சி. உலகச் சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாடல்களில் 4-ஆம் இடம் பிடித்தது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதில் பிடித்தது, ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அப்பர் தேவாரம் 'குனித்த புருவமும்' உள்ளே நுழையும் இடம். தாளம் அடங்கி ஒரு கோவில் திறக்கிறது. அங்கேயும் ஸ்வர்ணலதா இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதற்குக் கேசட்டும் கிடையாது, படமும் கிடையாது. எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. அதில் 'கர்ண மோட்சம்' போடுகிற ராத்திரி. போருக்குப் புறப்படும் முன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவான். பிறப்பு தெரியாதவன் என்று அவனை ஒதுக்கியே வைத்திருந்தவள் அவள். ஹார்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சின்ன நாயனம் மாதிரி இருக்கும் முகவீணை அழும். கர்ணன் வேஷம் கட்டியவர் நெஞ்சில் கண்ணாடி வேலைப்பாடு மின்ன, வியர்வையில் அரிதாரம் வழிய, விருத்தத்தை மேலே மேலே இழுப்பார். விடியற்காலை மூன்று மணிக்குச் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அவனும் திரும்பி வரப்போவதில்லை, அவர்களுக்குக் கதை தெரியும். அந்தக் கூத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கொத்தனார் ஏன் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டைக் கேட்டார் என்பது எனக்கு முழுசாகப் பிடிபட்டது. நல்ல பிரிவுப் பாட்டு ஒரு தடவையில் தீராது.

கூத்தைச் செல்போனில் பார்க்காதீர்கள். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் விசாரித்தால் எங்காவது ஒரு ஊரில் கட்டாயம் நடக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தால் போதும், உட்கார இடம் கொடுப்பார்கள்.

'போறாளே பொன்னுத்தாயி' என்று தேடினால் இரண்டு பதிவு வரும். ஒன்று உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய சந்தோஷப் பாட்டு. அதுவும் நல்ல பாட்டுதான். நான் சொன்னது மற்றது. ஸ்வர்ணலதா பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். உங்கள் ஊர்ப் பிரிவுப் பாட்டு எது என்று கீழே எழுதினால் தேடிக் கேட்கிறேன், கன்னடமும் தெலுங்கும் ஆனாலும் சரி.