மருந்துக்கு அடங்காத கிருமிகள்: லேப் மேடத்திடம் சில கேள்விகள்

கேள்வி: மேடம், அப்பா ஐசியூவில் இருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் ஆசனவாய் ஸ்வாபில் சிஆர்இ என்று வந்ததால் தனி ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். வேறு ஆன்டிபயாட்டிக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சிஆர்இ என்பது கார்பபெனம் வகை மருந்துக்கு அடங்காத குடல் கிருமி. இப்போதைக்கு அப்பா குடலில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். தனி ரூம் பக்கத்துப் படுக்கைக்காரரைக் காப்பாற்ற. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள்.

கேள்வி: எங்கள் லேபில் பிசிஆர் கிடையாது. என்டிஎம் (கார்பபெனம் மருந்தைச் சிதைக்கும் என்சைம்) இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இரண்டு ட்யூப், இரண்டு மெரோபெனம் டிஸ்க் (கார்பபெனம் வகை மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டு) போதும். டிஎஸ்பி ப்ராத்தில் (கிருமி வளர்க்கும் திரவம்) நோயாளியின் கிருமியைக் கரைத்து, டிஸ்க்கைப் போட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். மருந்தைச் சிதைக்கும் என்சைம் இருந்தால் டிஸ்க் வெறும் காகிதமாகிவிடும். அதை எடுத்து, மெரோபெனத்துக்கு அடங்கும் இ.கோலை தடவிய தட்டில் வைத்தால், மறுநாள் டிஸ்க்கை நெருங்கி வளர்ந்திருக்கும். இரண்டாவது ட்யூபில் மட்டும் இடிடிஏ என்ற, உலோகத்தைப் பிடிக்கும் ரசாயனத்தைச் சேருங்கள். என்டிஎம் வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும், இடிடிஏ அதைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் முதல் டிஸ்க்கின் வட்டத்தைவிட 5 மிமீ அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் என்டிஎம் குடும்பம்தான். கூடவே ஓஎக்ஸ்ஏ-48 என்ற, துத்தநாகம் தேவைப்படாத என்சைம் இருந்தால் இந்த இரண்டாவது ட்யூப் ஏமாற்றும், ஜாக்கிரதை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து மட்டும் கொடுத்தால் என்டிஎம்மிடம் பலிக்காது, அஸ்ட்ரியோனாமும் சேர வேண்டும். அதனால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் வார்டுக்கு போன் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே கிருமிக்கு மெரோபெனம் வட்டம் நேற்று 24 மிமீ, இன்று 18. எதை எழுதுவது மேம்?

பதில்: இரண்டையும் எழுதாதீர்கள். 23 அல்லது அதற்கு மேல் அடங்கும், 19 அல்லது அதற்குக் கீழே அடங்காது என்று இருக்கும்போது இது சின்ன வித்தியாசமா? முதலில் கன்ட்ரோல் இ.கோலை (வட்டத்தின் அளவு முன்பே தெரிந்த கிருமி) போட்டுப் பாருங்கள். எங்கள் லேபில் ஒருமுறை டிஸ்க் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஈரம் கோத்து மருந்து வீரியம் இழந்து, நல்ல கிருமியெல்லாம் ரெசிஸ்டன்ட் ஆகிவிட்டது! கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லேண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) தாண்டினாலும் வட்டம் சுருங்கும்.

கேள்வி: வருடாந்தர ஆன்டிபயோகிராமில் (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் அடங்குகிறது என்ற பட்டியல்) ஒரே நோயாளிக்கு ஐந்து கல்ச்சர் இருந்தால்?

பதில்: ஒவ்வொரு கிருமி இனத்திலும் முதல் கல்ச்சர் மட்டும். ஐந்தையும் எண்ணினால் ஒரு ஐசியூ நோயாளி மொத்த ஆஸ்பத்திரியின் சதவீதத்தையே கெடுத்துவிடுவார். 30 பேருக்குக் குறைவான இனத்துக்குச் சதவீதம் போடாதீர்கள். வூநெட் மென்பொருள் இலவசம், முதல் கல்ச்சரை அதுவே பிரித்துக் கொடுக்கும்.